பாரசீகப் பூனைக்கு எது சொந்த ஊர்?



நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் சென்ற மாதம் வீட்டு விலங்குகளைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பசு, ஆடு, நாய், பூனை என்று கரும்பலகையில் எழுதி, எதிரே அவற்றின் இளமைப் பெயர்களையும் எழுதினேன். பூனைக்கு வந்தபோது, தொல்காப்பியத்தின் மரபியலில் காட்டுப் பூனைக்கு வெருகு என்ற பெயர் உண்டு என்றும், அதன் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் சொல்லலாம் என்றும் கூறினேன். நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர் பாட்டி, பெர்ஷியன் கேட்டுக்குத் தமிழ்ல என்ன?"

"பாரசீகப் பூனை" என்றேன்.

"அப்ப அது ஈரான்லேர்ந்து வந்ததா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். பள்ளியில் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள் நான். இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொன்னால் அது தவறாகத்தான் இருக்கும். "அடுத்த மாதம் நம் சங்க இதழில் எழுதுகிறேன், படித்துக்கொள்" என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் அவளுடைய தாயார் என்னிடம் வந்தார். "டீச்சர், ரெண்டு மாசமா இவ பெர்ஷியன் கேட் வேணும்னு உயிரை எடுக்கறா. பிறந்த நாளைக்கு வாங்கித் தரலாமா? உங்க வீட்லகூட ஒண்ணு இருந்ததே?"

இருந்தது. அதன் பெயர் பட்டு. ஏழு ஆண்டுகள் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தது. அது போன விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் சமாதானம் அடைவதில்லை. ஆகவே மகளின் கேள்விக்கும் தாயின் கேள்விக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். நாக்பூரில் மட்டுமன்றி, இன்று எந்த நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் நீண்ட முடியும் உருண்டை முகமுமாக ஒரு பூனை சன்னலில் உட்கார்ந்திருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பெயர் வந்த வழி

ரோம் நகரத்தைச் சேர்ந்த பியெத்ரோ தெல்லா வல்லே என்ற பயணி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கி, பாரசீகம் வழியாக நம் நாட்டுக்கும் வந்தவர். சூரத், கோவா என்று மேற்குக் கரையோரமாகவே கள்ளிக்கோட்டை வரை சென்றவர். பாரசீகத்தில் இருந்தபோது, அந்நாட்டின் கொராசான் மாகாணத்துப் பூனைகளைப் பற்றி 1620ஆம் ஆண்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். சாம்பல் நிறம், பட்டுப் போன்ற நீண்ட முடி, அணில் வாலைப்போல் புசுபுசுவென்ற வால் என்று வியந்து எழுதிய அவர், சில இணைகளை இத்தாலிக்குக் கொண்டுபோகும் எண்ணத்தையும் தெரிவித்திருக்கிறார்.

ஏறத்தாழ அதே காலத்தில் பெய்ரெஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞர் துருக்கியின் அங்கோரா நகரத்திலிருந்து நீண்ட முடிப் பூனைகளைத் தம் நாட்டுக்கு வரவழைத்தார். இன்று அங்காரா என்று நாம் சொல்லும் துருக்கித் தலைநகரம்தான் அது. நீண்ட முடி ஆட்டுக்கும் முயலுக்கும் அங்கோரா என்று பெயர் வந்ததும் இந்த ஊரால்தான்.

இவ்வாறாக இரண்டு ஊர்ப் பெயர்களோடு நீண்ட முடிப் பூனைகள் ஐரோப்பாவின் செல்வர் வீடுகளில் புகுந்தன. அங்கே அவை ஒன்றோடொன்றும், உள்ளூர்ப் பூனைகளோடும் கலந்தன. எது அங்கோரா, எது பாரசீகம் என்று பிரித்துச் சொல்வது வரவரக் கடினமாயிற்று.

1871ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் ஹாரிசன் வெய்ர் என்ற ஓவியர் ஒரு பெரிய பூனைக் கண்காட்சியை நடத்தினார். பூனைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இலக்கணம் வகுத்து, பரிசு தரும் வழக்கம் வேரூன்றியது அதிலிருந்துதான். 1889இல் வெளிவந்த தம் நூலில், பாரசீகப் பூனையின் தலை சற்றுப் பெரியது, காது அவ்வளவு கூரானதல்ல, முடியின் தன்மையும் வேறு என்று அங்கோராவிலிருந்து அதை அவர் பிரித்துக் காட்டினார். விக்டோரியா அரசியாரும் பாரசீகப் பூனை வளர்த்ததால் அதன் மதிப்பு இன்னும் ஏறியது. பெருந்தலைப் பூனையே பரிசு பெற்றது. அங்கோரா மெல்ல மெல்லக் கண்காட்சிகளிலிருந்து மறைந்தது.

வெய்ரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1887இல் தொடங்கிய தேசியப் பூனைக் கழகத்துக்கு அவரே முதல் தலைவர். ஆனால் உறுப்பினர்கள் பூனைகளின் நலத்தைவிடப் பரிசுக் கோப்பைகளிலேயே கண்ணாக இருக்கிறார்கள் என்று மனம் வருந்தி, சில ஆண்டுகளிலேயே அவர் பதவி விலகினார். கண்காட்சியைத் தொடங்கி வைத்தவரே இருபது ஆண்டுகளில் கசந்து போனார். அவர் கவலை நியாயமானதுதான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மரபணு சொன்ன சேதி

உலகின் பலவகைப் பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த லெஸ்லி லயன்ஸ் குழுவினர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாரசீகப் பூனை எந்த நாட்டுப் பூனைகளுக்கு நெருங்கிய உறவு என்று பார்த்தார்கள். ஈரான் பக்கத்துப் பூனைகளுக்கு அன்று, மேற்கு ஐரோப்பாவின் சாதாரணப் பூனைகளுக்கே அது நெருங்கிய சொந்தம் என்று விடை வந்தது. கிழக்கிலிருந்து சில பூனைகள் போனது உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பூனைகளோடு கலந்து கலந்து, பாரசீகத்தின் பெயர் மட்டும் பெரிதாக மிஞ்சியிருக்கிறது.

நாக்பூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் "சொந்த ஊர் எது?" என்று யாரேனும் கேட்டால் சற்று விழித்துவிட்டு மாயவரம் என்றோ பாளையங்கோட்டை என்றோ சொல்கிறார்கள் அல்லவா? இந்தப் பூனைக்கும் அப்படித்தான்.

அந்த நீண்ட முடிக்குக் காரணம் என்ன என்று கேட்கலாம். முடி ஓர் அளவு வளர்ந்ததும் "போதும், நில்" என்று கட்டளையிடும் மரபணு ஒன்று பூனையின் உடலில் இருக்கிறது. அதில் மாறுதல் ஏற்பட்டால் கட்டளை சரியாகப் போவதில்லை, முடி வளர்ந்துகொண்டே போகிறது. இம்மாறுதல்களை 2007இல் கண்டறிந்தார்கள். இது ஒடுங்கு பண்பு. அதாவது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் நீண்ட முடி வரும். பாரசீகப் பூனைக்கும், தன் வழியில் நீண்ட முடியே இல்லாத தெருப் பூனைக்கும் பிறக்கும் குட்டிகள் எல்லாம் குட்டை முடியோடு இருப்பது இதனால்தான். இந்த ஒடுங்கு பண்பை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். இதற்கு நேர்மாறான ஓங்கு பண்பு ஒன்று சற்றுப் பின்னால் வருகிறது.

தோற்றம்

பாரசீகப் பூனை பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும். குளிப்பாட்டினால் பாதியாகிவிடும். பெரும்பாலும் 3 முதல் 5½ கிலோதான் எடை. குட்டையான தடித்த கால்கள், அகன்ற மார்பு, உருண்டைத் தலை, நுனி மழுங்கிய சிறு காதுகள், அகல விரிந்த வட்டக் கண்கள், குட்டையான புசுபுசு வால். கழுத்தைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரிபோல் முடி அடர்ந்திருக்கும். மேலே நீண்ட முடியும் அடியில் பஞ்சு போன்ற உள்முடியுமாக இரண்டு அடுக்கு இருப்பதால்தான் அவ்வளவு எளிதில் சிக்கு விழுகிறது.

நிறங்கள் பல. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள், பாலேட்டு நிறம், வரிகள் உள்ளது என்று அடுக்கலாம். பூனைக்காரர்கள் நீலம் என்று சொன்னால் அது உண்மையில் சாம்பல் நிறம். முடியின் நுனி மட்டும் கறுத்து, மற்றது வெள்ளியாக மின்னினால் சின்சில்லா என்பார்கள். அதற்குக் கண் பச்சை. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த ஆமையோட்டு நிறப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகவே இருக்கும். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஆகவே இரு நிறங்களையும் ஒருசேரக் காட்ட அதனால் முடியும். கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். வெள்ளை முடியோடு நீலக் கண்ணும் இருக்கும் பூனைகளில் பல செவிடாகப் பிறக்கின்றன என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

முகம், காது, கால், வால் மட்டும் கறுத்து, உடல் வெளுத்து, கண் நீலமாக உள்ள வகைக்கு ஹிமாலயன் என்று பெயர். அது இமயமலைப் பூனை என்று நினைத்துவிடாதீர்கள். பாரசீகப் பூனையையும் சயாம் பூனையையும் 1930களில் அமெரிக்காவில் கலந்து உருவாக்கத் தொடங்கிய வகை இது. அதே நிற அமைப்புள்ள ஹிமாலயன் முயலின் பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். இதன் முடிக்கு நிறம் தரும் நொதி உடலின் குளிர்ந்த பகுதிகளில்தான் வேலை செய்யும். ஆகவே தாயின் கதகதப்பான வயிற்றிலிருந்து வெள்ளையாகப் பிறக்கும் குட்டிக்குச் சில வாரங்களில் காதும் மூக்கும் வாலும் கறுக்கத் தொடங்கும்.

மூக்கு குட்டையான கதை

நூறாண்டுகளுக்கு முந்தைய பாரசீகப் பூனைகளின் புகைப்படங்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முடி நீளம், முகம் உருண்டை, ஆனால் மூக்கு தெளிவாக முன்னே நீண்டிருக்கும். இன்று கண்காட்சியில் பரிசு வாங்கும் பூனைக்கோ இரு கண்களுக்கும் நடுவே, நெற்றியை ஒட்டி, மூக்கு பதிந்து கிடக்கிறது.

இது இயற்கை செய்த வேலை அன்று. "மூக்கு குட்டையாக இருக்க வேண்டும்" என்று இலக்கணத்தில் எழுதினார்கள். நடுவர்கள் குட்டை மூக்குக்குப் பரிசு தந்தார்கள். பரிசு பெற்ற பூனையின் குட்டிக்கு விலை ஏறியது. வளர்ப்போர் இன்னும் குட்டை மூக்குள்ள இணைகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு நூலளவு குறைந்தால் போதும், சில பத்தாண்டுகளில் முகமே தட்டையாகிவிடுகிறது. நெல்லில் நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கும் அதே முறைதான். எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நம் ஊர்க் கடைகளில் இவற்றை "டால் ஃபேஸ்", "செமி பஞ்ச்", "பஞ்ச் ஃபேஸ்" என்று தரம் பிரித்து விற்கிறார்கள். டால் ஃபேஸ் என்பது மூக்கு உள்ள பொம்மை முகம். பஞ்ச் ஃபேஸ் என்பது குத்து வாங்கியது போன்ற தட்டை முகம். முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு விலை.

அந்த விலையைப் பணமாக நாம் ஒருமுறை தருகிறோம். பூனை தன் உடலால் ஒவ்வொரு நாளும் தருகிறது. எலும்பு குறுகினாலும் உள்ளே இருக்கும் சதை அதே அளவு குறுகுவதில்லை. நாசித் துளை இடுக்காகிறது, உள்ளண்ணம் மூச்சுப் பாதையை அடைக்கிறது. கண்ணீர் வடியும் குழாய் மடங்கிப் போவதால் கண்ணீர் முகத்தில் வழிந்து பழுப்புக் கறை படிகிறது, தோல் புண்ணாகிறது. கண் வெளியே பிதுங்கியிருப்பதால் கருவிழியில் எளிதில் புண் வருகிறது. பற்கள் இடமின்றி ஒன்றன்மேல் ஒன்று முளைக்கின்றன. தட்டிலிருந்து உணவைக் கவ்வவே சில பூனைகள் சிரமப்படுகின்றன. குட்டிகளின் தலை பெரிதாக இருப்பதால் பிரசவமும் கடினமாகிறது. "எவ்வளவு செல்லமாகக் குறட்டை விடுகிறது பாருங்கள்" என்று நாம் சிரிக்கும்போது, பல நேரங்களில் அது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனின் பூனைக் கழகங்களின் தலைமை மன்றம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. மூக்கின் மேல் விளிம்பு, கண்ணின் கீழ் விளிம்பைவிட உயரத்தில் இருந்தால் அந்தப் பூனைக்குப் பரிசு இல்லை என்பது அவர்கள் விதி. சான்றிதழ் எதுவும் இல்லாமலே நாம் கண்ணால் செய்யக்கூடிய சோதனை இது. குட்டியை நேருக்கு நேர் பிடித்து, இரு கண்களின் கீழ் விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு கிழிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

பட்டுவின் சிறுநீரகம்

இனி எங்கள் பட்டுவின் கதை. 2011இல் ஒரு விற்பனையாளரிடம் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினோம். பாலேட்டு நிறம், நல்ல மூக்கு உள்ள பொம்மை முகம். மூச்சுத் தொல்லை ஏதும் இல்லை. என் கணவர் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டு அது. அவர் செய்தித்தாள் விரித்தால் அதன் மேல் பட்டு வந்து படுத்துக்கொள்ளும். அது எழுந்து போகும் வரை பக்கம் திருப்ப மாட்டார்.

2017இல் பட்டு அடிக்கடி தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டோம். பிறகு தீனி குறைந்தது. முடி அடர்த்தியில் உடல் மெலிந்தது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தபோதுதான் கைக்குத் தெரிந்தது. மருத்துவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார். இரண்டு சிறுநீரகங்களிலும் திராட்சைக் குலைபோல் நீர்க்கட்டிகள். "இது பிறவியிலேயே வந்ததும்மா. இவ்வளவு நாளா மெல்ல வளர்ந்திருக்கு" என்றார். மருந்தும் ஊசி வழி நீருமாகச் சில மாதங்கள் காப்பாற்றினோம். 2018 ஜனவரியில் ஒரு விடியற்காலை என் மடியிலேயே அதன் மூச்சு அடங்கியது.

சிறுநீரகப் பல்நீர்க்கட்டி நோய் எனப்படும் இந்நோய் பாரசீகப் பூனைகளில் மிகப் பரவலானது. பல நாடுகளில் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பாரசீகப் பூனைகளுக்கு இது இருந்தது. இதற்குக் காரணமான மரபணுப் பிழையை மேலே சொன்ன லயன்ஸ் குழுவினரே 2004இல் கண்டுபிடித்தார்கள். இது ஓங்கு பண்பு. நீண்ட முடிபோல் இரண்டு பிரதிகள் தேவையில்லை, ஒன்று போதும். தாய் தந்தை இருவரில் ஒருவருக்கு ஒரு பிரதி இருந்தாலே, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. கலப்புக் குட்டியானாலும் தப்பிக்க வழியில்லை. முடி குட்டையாகிவிடும், நோய் அப்படியே வரலாம்.

நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுப்பது எளிது. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்துச் செய்யும் மரபணுச் சோதனையை எந்த வயதிலும் செய்யலாம். பத்து மாதத்துக்குப் பிறகு ஸ்கேனும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நோயுள்ள பூனையை இனப்பெருக்கத்துக்கு விடாதிருந்தால் அடுத்த தலைமுறையே பிழைத்துவிடும். பட்டுவைத் தந்தவரிடம் அதன் தாய் தந்தையைப் பற்றிப் பிறகு கேட்டபோது, அவருக்கு அவை எவை என்றே நினைவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உயிரியல் படித்த நானே வாங்கும் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முடியைத் தடவிப் பார்த்தேன், பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

குணம்

குணத்தில் பாரசீகப் பூனை சாது. அலமாரி மேல் தாவுவதும் திரைச்சீலையில் ஏறுவதும் அபூர்வம். குரல் மெல்லியது. தனக்குப் பழகிய இடமும் பழகிய நேரமும் மாறாமல் இருப்பதை விரும்பும். வீட்டார் இருக்கும் அறையிலேயே தானும் இருக்கும், ஆனால் எப்போதும் மடியில்தான் இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்காது. இரண்டு அறை வீட்டில் வயதானவர்களோடு இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பிராணி குறைவு.

இந்தச் சாது குணமே அதற்குத் தீங்காகவும் முடியும். வலித்தாலும் சத்தம் போடாது. குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொண்டு, பிறகு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தின்பதைக் குறைத்தால், வழக்கமான இடத்தை விட்டு மூலையில் போய்ப் படுத்தால், மணல் தட்டை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழித்தால், அது ஏதோ சொல்கிறது என்று பொருள். "சோம்பேறிப் பூனை" என்று சிரித்துவிட்டுப் போகக் கூடாது.

நாக்பூர் வெயிலும் நம் அடுக்களையும்

மே மாதத்தில் 45 டிகிரி காயும் ஊர் நம்முடையது. பூனைக்குப் பாதங்களில்தான் வியர்வை உண்டு. மற்றபடி உடலை நக்கி ஈரமாக்கியே சூட்டைத் தணித்துக்கொள்ளும், மிஞ்சிப்போனால் வாய் திறந்து மூச்சிரைக்கும். தட்டை முகப் பூனையால் சரியாக இரைக்கக்கூட முடியாது. ஆகவே கோடையில் பகல் முழுவதும் கூலர் ஓடும் அறையோ, தரை குளிர்ந்திருக்கும் அறையோ அதற்கு வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். வாய் திறந்து இரைத்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சீப்பு நாள்தோறும் எடுக்க வேண்டியது. அகலப் பல் உள்ள எஃகுச் சீப்பால் காதுக்குப் பின்னால், கால் இடுக்கு, வயிறு ஆகிய இடங்களில் பொறுமையாக வார வேண்டும். இரண்டு நாள் விட்டால் சிக்கு, ஒரு வாரம் விட்டால் சடை. சடை தோலை இழுத்துப் புண்ணாக்கும். ஈரத் துணியால் கண்ணோரத்தைத் துடைப்பதும் அன்றாட வேலை. இதற்கெல்லாம் நாளைக்கு இருபது நிமிடம் ஆகும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு.

அடுத்தது சாப்பாடு. நம் குடும்பங்களில் சைவ வீடுகள் பல, எங்களுடையதும் சைவ வீடுதான். முதல் ஆண்டு பட்டுவுக்குத் தயிர் சாதமும் பாலுமே கொடுத்து மருத்துவரிடம் திட்டு வாங்கினேன். பூனை பிறவியிலேயே மாமிசம் தின்னும் உயிர். டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் அதற்குப் போதிய அளவு கிடைக்கும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசையும் தளர்ந்துபோகும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987இல் கண்டறிந்த பிறகே பூனைத் தீனி செய்யும் நிறுவனங்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. வீட்டில் மாமிசம் சமைக்க முடியாதவர்கள் டின்னில், பையில் வரும் பூனைத் தீனி வாங்கிப் போடலாம். அதுவும் கூடாது என்பவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் தருமம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காய்ச்சல் என்று நமக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும். கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

நடுவண் அரசின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப் பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. இவ்விரண்டையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. குட்டியின் தாயை நேரில் பார்க்க வேண்டும். தாய் தந்தை இரண்டுக்கும் சிறுநீரக நோய்ச் சோதனை செய்த தாளைப் பார்க்க வேண்டும். மூக்குக் கோட்டையும் நாசித் துளையையும் பார்க்க வேண்டும். குட்டி தின்னும்போதும் விளையாடும்போதும் அதன் மூச்சுச் சத்தத்தைக் கேட்க வேண்டும். வம்சாவளிச் சான்று என்று ஒரு தாளை நீட்டினால், அது முன்னோர் பெயரைச் சொல்லுமே தவிர உடல்நலத்தைச் சொல்லாது என்பதை மறக்கக் கூடாது.

சென்ற வாரம் அந்தத் தாயும் மகளும் என்னையும் அழைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வெள்ளைக் குட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் விட்டார். அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூக்கு இரு கண்களுக்கும் நடுவே இருந்தது. கண்ணோரம் ஈரம். சிறுமி குனிந்து அதன் முகத்தருகே காதை வைத்துக் கேட்டாள். பிறகு கடைக்காரரிடம் இந்தியில், "இதோட அம்மா எங்கே?" என்றாள். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. வீடு திரும்பும்வரை அவள் எங்களோடு பேசவில்லை. ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். பிறந்த நாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தேடிப் பார்க்கலாம் என்று தாயார் சொல்லியிருக்கிறார். எங்கள் குடியிருப்பின் வாகனக் கொட்டகையில் சாம்பல் வரிப் பூனை ஒன்று மூன்று குட்டி போட்டிருப்பதையும் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முடி குட்டைதான். மூக்கு நன்றாக இருக்கிறது.

சிறுமியின் கேள்விக்கு என் விடை இதுதான்: பெயர் ஈரானுடையது, உடல் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பியப் பூனையுடையது, இன்றைய முகமோ மனிதர்கள் செய்தது. மனிதர்கள் செய்ததை மனிதர்களே திருத்தவும் முடியும். வாங்குகிறவர்கள் மூக்குள்ள பூனையைக் கேட்டால், விற்கிறவர்கள் அதைத்தான் வளர்ப்பார்கள்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு

கீழ்க்கண்ட கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவரவும். அம்மா அப்பாவிடம் கேட்கலாம், அவர்கள் எழுதித் தரக் கூடாது.

1. அங்கோரா என்ற ஊரின் இன்றைய பெயர் என்ன?

2. ஹிமாலயன் பூனைக்குக் காதும் வாலும் மட்டும் கறுப்பது ஏன்?

3. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு ஆகியவற்றுக்குப் பாரசீகப் பூனையிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

4. பூனைக்குத் தயிர் சாதம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்?

5. உங்கள் தெருவில் உள்ள ஒரு பூனையைப் பத்து நிமிடம் பார்த்து, அதன் நிறம், மூக்கு, வால், குணம் பற்றி ஐந்து வரி எழுதுக.